பாட்டரி தீர்ந்த பிறகு

ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால் அதை இரண்டாம் தடவை படித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. முதல் தடவை படிக்கும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலில் ஆசிரியர் செய்திருக்கும் அக்கிரமங்கள் கண்ணில் படுவதில்லை. பத்து வருஷம் கழித்து, முடிவு தெரிந்த பிறகு, அதே புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் மனுஷன் உண்மையாக உழைத்திருக்கிறான், எந்த இடத்தில் நம்மை நம்பவைத்துவிட்டு நழுவியிருக்கிறான் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும்.

புத்தகங்களுக்கு மட்டும்தான் விமர்சனம் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இன்று பத்திரிகைகளில் புத்தகங்களைவிட மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும்தான் மதிப்புரை அதிகம் வருகிறது. நானும் அவற்றைப் படிக்கிறேன். நம் நாவல் மதிப்புரைகளைவிட அவை பல சமயங்களில் நன்றாகவே எழுதப்படுகின்றன என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கனம் எவ்வளவு, திரை எத்தனை தெளிவு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடும், எல்லாவற்றையும் அளந்து சொல்கிறார்கள், தாட்சண்யமும் பார்ப்பதில்லை. ஆனால் அத்தனையும் முதல் வாசிப்பு. பெட்டியைப் பிரித்த முதல் வாரத்தில் எழுதியவை. முதல் வாரத்தில் எந்தப் பாட்டரிதான் ஓடாது? கல்யாணமான மறு வாரமே மாப்பிள்ளைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிற காரியம் இது.

மடிக்கணினியை, அதன் பாட்டரி தீர்ந்த பிறகு விமர்சிக்க வேண்டும். அப்படிச் செய்யும் சந்தர்ப்பம் 2025 ஆடி மாதம் வெம்பக்கோட்டையில் எனக்கு வாய்த்தது. ஒன்றல்ல, இரண்டு பாட்டரிகள். ஒன்று என்னுடையது, விலை கொடுத்து வாங்கியது. இன்னொன்று சர்க்கார் இனாமாகக் கொடுத்தது.

வெம்பக்கோட்டை என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். சிவகாசியிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். வைப்பாற்றங்கரை, சுற்றிலும் கரிசல், கரிசலில் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். 2022-ஆம் வருஷத்திலிருந்து அகழாய்வு நடந்ததில் இந்த ஊர்ப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. சங்கு வளையல்களும், சுடுமண் பொம்மைகளும், பாசிமணிகளும் பூமிக்கு அடியிலிருந்து வந்தன. அதற்கு முன்னால் இந்த ஊர்ப் பெயர் பத்திரிகையில் வந்தால் அது பெரும்பாலும் வெடி விபத்துச் செய்தியாகத்தான் இருக்கும். நாவல் ஒன்றை முடிப்பதற்காக அமைதி தேடி அங்கே போயிருந்தேன். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால் பட்டாசு ஊருக்கு அமைதி தேடிப் போகிறவனைப் பற்றி வாசகர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

எதிர் வீட்டம்மாள் பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். இந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். அவளுடைய மகளுக்கு 2012-ல் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது சர்க்கார் மடிக்கணினி கிடைத்தது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. அடுத்த எட்டொன்பது வருஷங்களில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2012-ஆம் வருஷத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண் விளக்கில்லாத இரவுகளில் இந்த மடிக்கணினியின் திரை வெளிச்சத்தில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாளாம். அதாவது அந்த வீட்டில் அது முதலில் கணினியாக அல்ல, விளக்காகத்தான் உள்ளே வந்தது. பெண் படித்துக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். இப்போது தம்பிக்காரன் அதை வைத்திருக்கிறான். காலையில் காலேஜ்; மாலையில் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகைகளையும் காலண்டர் தாள்களையும் அமைத்துக் கொடுக்கிற வேலை. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. காலேஜ் சம்பளத்தில் பாதி இதிலிருந்துதான் போகிறது.

ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்டு ஒரு நொடி போய், உடனே வந்தது. விசிறி நிற்கக்கூட இல்லை. எதிர் வீட்டில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். நான் பதறிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து அமைத்த ஆவணி முகூர்த்தப் பத்திரிகை, மாமன்மார், அத்தைமார், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரோடும் போய்விட்டது.

"பாட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு மாமா. ஒயரை உருவினா உசிரு போயிரும்" என்றான்.

யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று கேட்டேன். எழுத்தாளர்கள் கேட்கிற கேள்விதான். தோளில் பையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் அச்சகத்துக்குப் போய், அங்கே முதலாளி பக்கத்தில் நின்றபடி பிழை திருத்துகிறவன், யு.பி.எஸ்ஸை எங்கே தூக்கிக்கொண்டு போவான்?

அவன் அந்தப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தான். அடிப்பக்கத்தில் இரண்டு தாழ்ப்பாள்கள். இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரே சமயத்தில் தள்ளினான். பாட்டரி ஒரு முறுக்கிய சத்தத்தோடு கையில் வந்துவிட்டது. திருப்புளி இல்லை, கத்தி இல்லை, ஆள் தேட வேண்டியதில்லை. விமர்சகன் என்ற முறையில் அந்த இரண்டு தாழ்ப்பாள்களையும் நான் குறித்துக்கொண்டேன். இந்தச் சாமானைச் செய்தவன், இது ஒரு நாள் சாகும் என்பதை அறிந்திருந்தான். அறிந்ததை மறைக்கவும் இல்லை.

பிறகு தேடல் தொடங்கியது. முதலில் நாங்கள் கற்றுக்கொண்டது, கணினியின் பெயரைச் சொல்லிப் பாட்டரி கேட்கக்கூடாது என்பது. ஒரே பெயரில் நாலு விதம் வந்திருக்கும். பாட்டரியின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட எண் அச்சிட்டிருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும். கூடவே 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர் மணி என்ற கணக்கையும். சிவகாசியில் முதல் கடைக்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது இப்ப வர்றதில்ல, புதுசு வாங்கிருங்க" என்றார். புதுசு என்று அவர் சொன்னது பாட்டரியை அல்ல. இரண்டாவது கடையிலும் அதே பதில்தான். வைத்தியர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மூன்றாவது வழியாகத் தபாலில் ஒன்று தருவித்தான். வெளியே பளபளவென்று அட்டைப்பெட்டி. அதன்மேல் 'ஒரிஜினல்' என்று பொன்னெழுத்து. இந்தச் சொல்லை நான் எப்போதுமே சந்தேகப்படுகிறவன். 'இது உண்மைக் கதை' என்று தலைப்பின் கீழ் அடைப்புக்குறியில் போட்டு வருகிற சிறுகதைகளுக்குள்ள யோக்கியதைதான் இதற்கும். நாற்பது நிமிஷம் ஓடியது. ஒரு மாதத்தில் அது பதினைந்து நிமிஷமாயிற்று. அனுப்பியவரிடமிருந்து பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

இங்கே பாட்டரிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரசாயனத்தில் என் படிப்பு காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனது. விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லிதியம் பாட்டரிக்குள் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று கிராபைட்டால் ஆனது. மற்றது ஓர் உலோக ஆக்ஸைடு. சார்ஜ் ஏற்றும்போது லிதியம் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகிறது. நாம் உபயோகிக்கும்போது திரும்பி வருகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் வழியிலேயே தங்கிவிடுகிறது. ஐந்நூறு பயணம் முடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவது சகஜம். இது தெரிந்த கதை. தெரியாத கதை என்னவென்றால், உபயோகிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் அது கிழடாகிறது என்பதுதான். வெயிலில் சீக்கிரம் கிழடாகும்; முழு சார்ஜோடு வைத்தால் இன்னும் சீக்கிரம்; முழுக்கக் காலியாக வருஷக்கணக்கில் கிடந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றவே தகுதியில்லாமல் போகும், ஏற்றினால் ஆபத்து. ஆகவே பழைய மாடலுக்கு என்று ஆறு வருஷத்துக்கு முன்பே செய்து ஏதோ ஒரு கிடங்கின் தகரக் கூரையின் கீழ் கிடந்த 'புதிய' பாட்டரி, உறை பிரிக்காத கிழவன். பையனுக்கு வந்தது அந்த ஜாதிதான். முதுகிலிருந்த தேதியை நாங்கள் பிற்பாடுதான் பார்த்தோம்.

நாலாவதாக ஒரு மெக்கானிக் வந்தார். பாட்டரியின் ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் செல்களை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார். பாதி விலை. யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அப்போதுதான் எதிர் வீட்டம்மாள் வாயைத் திறந்தாள்.

"தம்பி, பகல் பூரா மருந்தோட இருந்துட்டு வாறேன். ராத்திரி வீட்டுக்குள்ளயும் ஒரு மருந்து ரூம் வேணுமா?"

மருந்து என்றால் இந்தப் பக்கத்தில் வெடிமருந்துதான். படித்த விமர்சகர்கள் யாரும் லிதியம் பாட்டரியைப் பற்றி இத்தனை சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லி நான் கேட்டதில்லை. செல்லுக்குள் இருக்கும் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. இரண்டு வீடுகளையும் பிரிக்கிற மெல்லிய தாள் கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே சூடு பிறக்கும். அந்தச் சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். ஒரு செல் பற்றினால் பக்கத்துச் செல்லும் பற்றும். பட்டாசு அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை மருந்து என்று ஏன் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதும், அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபது பேர்போல இறந்துபோனார்கள். அதைப் பற்றி அவள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மெக்கானிக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவள் பயந்தாள் என்று எழுதினால் தவறாகிவிடும். கணக்குப் பார்த்தாள். செல்லை மாற்றுவது செய்யக்கூடாத காரியமல்ல. ஒரே வயது, ஒரே தரமுள்ள ஆறு செல்கள் வேண்டும், அவற்றை ஈயப் பற்று வைத்துச் சூடாக்காமல் நிக்கல் பட்டையால் இணைக்கிற இயந்திரம் வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். அந்த மெக்கானிக்கிடம் மூன்றில் ஒன்றாவது இருந்ததா என்பது சந்தேகம். ஸோனி கம்பெனிதான் 1991-ல் இந்த ரகப் பாட்டரியை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது. 2006-ல் அதே கம்பெனியின் செல்களுக்குள் உலோகத் துணுக்கு விழுந்ததால் டெல் கம்பெனி மட்டும் சுமார் 41 லட்சம் பாட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பிள்ளையைப் பெற்றவர்களுக்கே அந்தக் கதி.

ஆனால் மெக்கானிக் வந்து போனதில் ஒரு லாபம். அவர் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த, பிளந்த பழைய பாட்டரி ஒன்றை நான் பார்த்தேன். உள்ளே ஆறு உருளைகள்; நம் டார்ச் லைட் பாட்டரிக்குத் தம்பி மாதிரி. அவற்றுக்கு 18650 என்று பெயர். பெயரே அளவுதான்: குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்; இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடியை வரிசையில் வைத்தால் 10.8. உலகத்தில் எந்த மூலையில் செய்தாலும் இந்த அளவு மாறுவதில்லை.

இதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டு டார்ச் லைட்டுக்குப் பாட்டரி தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடுவேன். "பெரிய பாட்டரி ரெண்டு" என்று கேட்டால் போதும். டார்ச் எந்தக் கம்பெனி, என்ன மாடல், எந்த வருஷம் வாங்கியது என்று கடைக்காரர் கேட்டதில்லை. ரேடியோவுக்கும் அதுதான். அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்த டார்ச்சில்கூட அது பொருந்தியது. மடிக்கணினிப் பாட்டரிக்குள்ளும் அப்படிப்பட்ட பொது அளவுள்ள செல்தான் இருக்கிறது. உள்ளே ஒரே நெல். ஆனால் வெளியே மாடலுக்கு ஒரு குதிர், குதிருக்கு ஒரு பூட்டு! ஒன்றில் காது இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம். ஒன்றில் ஏழு பல், இன்னொன்றில் ஒன்பது பல். போதாததற்கு உள்ளே கணக்கப்பிள்ளை மாதிரி ஒரு சிறிய சில்லு. எத்தனை சார்ஜ் வந்தது, எத்தனை போனது என்று கணக்கு வைப்பதும், அளவுக்கு மீறினால் கதவைச் சாத்துவதும் அதன் வேலை. நல்ல வேலைதான், இல்லாவிட்டால் வீடு பற்றிக்கொள்ளும். ஆனால் செல்களைக் கழற்றினால் சில சில்லுகள் கோபித்துக்கொண்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கின்றன. புதிய செல் வைத்தாலும் திறப்பதில்லை. காவல்காரனை வைத்தது திருடனுக்காகவா, வீட்டுக்காரனுக்காகவா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

செல்லைக் கண்டுபிடித்தவர்களுக்கு இதில் பங்கில்லை. 2019-ல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். குடினஃபுக்கு அப்போது 97 வயது. அத்தனை வயதிலும் அவர் புதிய பாட்டரிக்காக ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் பக்கத்திலும் இந்த வித்தை அந்நியமல்ல. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. லிதியம் செல் செய்வது வரையில் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ரசாயனம் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு ஓட்டில்தான்.

ஐந்தாவது முயற்சி மதுரையில். பையனும் நானும் பஸ் ஏறினோம். நெரிசலான தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. வயதான கடைக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார்.

"இருக்கு தம்பி. ஒரிஜினல் இல்ல. ஒரிஜினல்னு சொல்லி ஒண்ணு குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

இலக்கிய உலகில் இப்படிப்பட்ட மனுஷர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. பையன் தபாலில் வந்ததை வெளியே எடுத்தான். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மேஜைத் தராசில் வைத்தார். 230 கிராம்.

"ஆறு செல்லுன்னா செல்லு மட்டுமே 270 கிராம் நிக்கணும். ஒரு செல்லு நாப்பத்தஞ்சு கிராம். இதுல எத்தனை இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

பையன் என்னைப் பார்த்தான். அவன் அம்மா கிராம் கணக்கில் மருந்து நிறுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். வீட்டில் ஒரு தராசும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு கடைக்காரர் தம்முடைய பாட்டரியைத் தராசில் வைத்தார், 310. முதுகைத் திருப்பித் தேதியைக் காட்டினார். மூன்று மாதத்துக்கு முன்னால் செய்தது. இந்திய தர நிர்ணய முத்திரையும் பதிவு எண்ணும் இருந்தன. விலை 1,600 ரூபாய். ஆறு மாதத்துக்குள் கெட்டால் மாற்றித் தருவதாகச் சீட்டில் எழிக் கையெழுத்துப் போட்டார்.

இனி என்னுடைய கதை. 2019-ல் ஒரு தொடர்கதைக்கு வந்த பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிய மடிக்கணினி. கத்தி மாதிரி மெலிசு. மதிப்புரைகளில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளாக மூடி சரியாகப் படியவில்லை. விரல் வைத்து நகர்த்துகிற பலகை மேடிட்டிருந்தது. ஈரக் காற்றினால் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெம்பக்கோட்டையில் ஈரக் காற்று!

"மாமா, இதை உடனே நிறுத்துங்க. பாட்டரி உப்பியிருக்கு" என்றான் பையன்.

அடிப்பக்கத்தில் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. பத்துத் திருகாணிகள், ஒவ்வொன்றின் தலையிலும் நட்சத்திரப் பள்ளம், நம் ஊர்த் திருப்புளி எதுவும் அதில் இறங்காது. சிவகாசியில் ஒருவர் அதற்கான கருவி வைத்திருந்தார். திறந்து பார்த்தால் பாட்டரி உருளையாக இல்லை. வெள்ளித் தாள் பைகள். பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. இரண்டு பைகள் அப்பளம் மாதிரி உப்பியிருந்தன. அதைக் கீறாமல், குத்தாமல் பெயர்த்தெடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனியின் சேவை நிலையத்துக்குப் போன் செய்தபோது, அந்த மாடலில் பாட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, விசைப்பலகையோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு விலை சொன்னார்கள். பிறகு, அந்த மாடலுக்கு அதுவும் இப்போது வருவதில்லை என்றார்கள். வராத சாமானுக்கு எதற்காக விலை சொன்னார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது தீர்ப்பு. சர்க்கார் பெட்டி கனம், திரை மங்கல், ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம். அதை அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னுடையது அழகு, வேகம், மெலிசாக இருப்பதற்குக் காரணமே அந்தப் பசைதான் என்கிற வாதத்திலும் வாஸ்தவம் இருக்கிறது. ஓடும், தாழ்ப்பாளும், உருளைகளுக்கு நடுவே வீணாகும் இடமும் இல்லாததால் அதே இடத்தில் அதிக சக்தியை அடைக்க முடிகிறது. புதிதில் அது எட்டு மணி நேரம் ஓடியது, சர்க்கார் பெட்டி புதிதில்கூட மூன்று மணிக்கு மேல் ஓடியிருக்காது. கழற்றி மாட்டுகிற பாட்டரியாக இருந்தால் போலிகள் புகுந்துவிடும் என்கிறார்கள். எங்கள் தராசே அதற்குச் சாட்சி. எல்லாம் சரி. ஆனால் பதின்மூன்று வயதான அழகில்லாத பெட்டி 1,600 ரூபாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு வயதான அழகு படுத்துவிட்டது. முதல் வாசிப்பில் மயக்குவதற்காக இரண்டாம் வாசிப்பையே இல்லாமல் செய்துவிட்ட நாவலை நான் நல்ல நாவல் என்று சொல்ல மாட்டேன். இதையும் சொல்ல மாட்டேன்.

மெலிசும் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்றால் முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18-ஆம் தேதி முதல் அங்கே விற்கும் இப்படிப்பட்ட சாமான்களில், சில விலக்குகள் தவிர, வாங்கியவரே சாதாரணக் கருவியால் பாட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். மாடலை விற்று முடித்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் நியாயமான விலையில் மாற்றுப் பாட்டரி கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகள், செத்த பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தன. பிணத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. வைத்தியத்துக்கு இன்னும் வரவில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி கொடுப்பதாக அறிவித்தது. இருபது லட்சம் வாங்குகிறவன் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். பாட்டரியைத் திருப்புளியால் கழற்றும்படி செய். பத்து வருஷத்துக்கு மாவட்டத்துக்கு ஒரு கடையில் இன்ன விலைக்குக் கொடு. இந்த இரண்டு வரிகளை டெண்டரில் சேர்க்க எத்தனை காகிதம் பிடிக்கும்? கொடுத்த சர்க்கார் யார், பெட்டியின் மேல் யார் படம் என்று சண்டை போடுகிறவர்களில் ஒருவராவது பதின்மூன்றாவது வருஷத்தைப் பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பையனின் ஆவணி முகூர்த்தப் பத்திரிகை அச்சாகிவிட்டது. மாமன்மாரில் ஒருவர் பெயரில் பிழை. அதற்குப் பாட்டரி பொறுப்பல்ல. புதிய பாட்டரியின் முதுகில் வாங்கிய தேதியை மை பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்டு போனால் இப்போது எதிர் வீட்டிலிருந்து சத்தம் வருவதில்லை. சத்தம் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறது. பாட்டரி எடுத்த என் மடிக்கணினி, ஒயர் செருகியிருக்கும் வரையில்தான் உயிரோடிருக்கிறது. இந்தக் கட்டுரையில் மூன்று பக்கம் இரண்டு தடவை எழுதியவை.

பெயர்த்தெடுத்த உப்பிய பாட்டரியை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். எதிர் வீட்டம்மாள் அதைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு மண்சட்டியில் பாதிக்கு மணல் போட்டுக் கொண்டுவந்தாள். பாட்டரியை அதில் வைக்கச் சொன்னாள். மேலே இன்னும் கொஞ்சம் மணலைத் தூவி, கொல்லையில், கூரைக்கும் விறகுக்கும் எட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள். பயர் ஆபீஸ் வாசலில் மணல் வாளி எந்த இடத்தில் இருக்குமோ அதே கணக்கு. மின்கழிவு வாங்குகிற இடம் மதுரையில் இருக்கிறதாம். அடுத்த தடவை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.